ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் காரை ஒரு வாரம் விட்டுப் போகலாமா?

குரோம்பேட்டை குமார்

வணக்கம். அடுத்த மாதம் மச்சினிச்சி கல்யாணம். குடும்பத்தோடு திருநெல்வேலி போகிறோம், நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், பெட்டிகள் வேறு. அதனால் காரிலேயே தாம்பரம் போய், ஸ்டேஷன் பார்க்கிங்கில் வண்டியைப் போட்டுவிட்டு ரயில் ஏறலாம் என்று யோசனை. திரும்பி வர ஒரு வாரம் ஆகும்.

வண்டி புதுசு, பட்டன் ஸ்டார்ட். லோன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கிங்கைப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே "வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்" என்று போர்டு. பொறுப்பு என்னுடையது என்றால் காசு எதற்கு வாங்குகிறார்கள்? போதாக்குறைக்கு, சாவி இல்லாமலே அரை நிமிஷத்தில் காரைக் கிளப்பிக்கொண்டு போகிற வீடியோ ஒன்றை என் தம்பி அனுப்பிவைத்திருக்கிறான். கியர் லாக், ஜி.பி.எஸ்., சாவிக்குப் பை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதற்குக் காசு போடலாம், எது தண்டச் செலவு?

வேளச்சேரி வாசு

கால் டாக்ஸி பிடித்துப் போய்விடுங்கள் சார். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் என்ன தூரம்? ஒரு வாரப் பார்க்கிங் காசை விடக் குறைவாகத்தான் வரும்.

குரோம்பேட்டை குமார்

போகும்போது சரி. வரும்போது விடியற்காலையில் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் டாக்ஸிக்காரர் கேன்சல் செய்துவிட்டால் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? வண்டியை விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி விடுவது என்று சொல்லுங்கள்.

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

குமார் சார், தம்பி அனுப்பிய வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். அதில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவன் கார் கதவுக்குப் பக்கத்தில், இன்னொருவன் வீட்டு வாசல் பக்கம், கையில் ஒரு பெட்டியோடு. அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் வேலை நடக்காது.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை அனுப்பும். ஒன்றரை மீட்டர் போனாலே அதிகம். சாவி அங்கே இருந்தால் அதைக் கேட்டுவிட்டு 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும், கதவு திறக்கும். திருடனின் பெட்டி, கார் அனுப்பும் அலையைப் பிடித்துத் தூரத்தில் இருக்கிற சாவி வரைக்கும் கடத்துகிறது, அவ்வளவுதான். குறியீட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் நெல்லையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும். அங்கிருந்து தாம்பரத்துக்கு எந்தப் பெட்டியாலும் அலையைக் கடத்த முடியாது. அதனால் ஸ்டேஷன் பார்க்கிங்குக்காக சிக்னல் தடுக்கும் பை வாங்க வேண்டியதே இல்லை. அது மால், ஹோட்டல், சொந்த வீட்டு வாசல், இந்த மாதிரி சாவியும் காரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இடங்களுக்குத்தான்.

ஸ்டேஷனில் பயப்பட வேண்டிய வழி வேறு. கண்ணாடியை உடைத்தோ கதவு ரப்பரை நெம்பியோ உள்ளே வருவார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும், சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டுவார்களே, அதுதான். அதில் ஒரு கருவியைச் செருகிப் புதுச் சாவி ஒன்றைக் காருக்கு அறிமுகப்படுத்திவிடுவார்கள். சில மாடல்களில் நிமிஷக் கணக்கு வேலை. இன்னொரு வழி, ஹெட்லைட் பக்கம் பம்பரை இழுத்து அங்கே ஓடுகிற ஒயரில் நேரடியாகப் பொய்ச் செய்தி அனுப்புவது. 2022ல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 இப்படித்தான் போனது. வண்டிக்காரர் கார் எலெக்ட்ரானிக்ஸ் பாதுகாப்பையே ஆராய்கிறவர். அவர் விடாமல் தோண்டியதில்தான் புளூடூத் ஸ்பீக்கர் கூட்டுக்குள் கருவியை ஒளித்து விற்கிறார்கள் என்பது வெளியே வந்தது.

இவை எல்லாமே கம்ப்யூட்டரை ஏமாற்றுகிற வேலை. கியரில் இரும்பு போட்டுப் பூட்டியிருந்தால் லேப்டாப் வைத்திருக்கிறவன் என்ன செய்வான்? என் கட்சி கியர் லாக். மேனுவல் வண்டி என்றால் ரிவர்ஸில் போட்டுப் பூட்டும், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். வெளியே தெரியாத வகையைப் போடுங்கள், கன்சோலுக்குள் போய்விடும்.

முத்தையா (ஓய்வு)

செல்வம் தம்பி சொல்வது சரி. ஸ்டீயரிங்கில் மாட்டுகிற ராடையும் சேர்த்துக்கொள்ளலாமே? ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா, ஆனால் அதையே முழுசாக நம்ப வேண்டாம். ராடு கெட்டியாக இருந்தாலும் அது பிடித்துக்கொண்டிருக்கிற ஸ்டீயரிங் வளையம் மெல்லிய கம்பிதான், மேலே ஃபோம். ரம்பத்தால் வளையத்தை அறுத்து, ராடை அலுங்காமல் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போன வண்டியை நானே பார்த்திருக்கிறேன். அதன் உபயோகம் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது. டார்ச் அடித்துப் பார்க்கிறவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

ஜெயந்தி, அடையாறு

குறுக்கே ஒரு கேள்வி. மாலில் ரிமோட்டை அமுக்கும்போது பக்கத்தில் யாராவது ஜாமர் வைத்திருந்தால் லாக் ஆகாது, அதனால் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போ என்கிறார் என் வீட்டுக்காரர். இழுத்தால் திறந்துகொள்கிறதே! சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது, கார் என்னை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடுகிறது. அப்புறம் எப்படிச் சரிபார்ப்பது?

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

நல்ல கேள்வி மேடம். பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பாருங்கள். பல வண்டிகளில் லாக் ஆனால் கண்ணாடி தானாக மடியும்படி செட்டிங் இருக்கும். மடிந்தால் லாக் ஆகிவிட்டது. அந்த வசதி இல்லாத வண்டியில் இண்டிகேட்டர் மினுக்குவதையும் கதவுப் பூட்டின் 'டக்' சத்தத்தையும் பார்த்துக் கேட்டுவிட்டு நகருங்கள். நடந்துகொண்டே முதுகுக்குப் பின்னால் ரிமோட்டை அமுக்குகிறோமே, அதைத்தான் ஜாமர்காரன் எதிர்பார்க்கிறான். சந்தேகமாக இருந்தால் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் இழுத்துப் பாருங்கள்.

சாவிக்குப் பை வாங்கினால் ஒரு சோதனை. சாவியை அதற்குள் போட்டு மூடி, காரை ஒட்டி நின்று கைப்பிடியைத் தொடுங்கள். திறந்தால் பையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சும்மா ரெக்ஸின் பையை விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முத்தையா (ஓய்வு)

அம்பாசடர் வைத்திருந்த காலத்தில் வெளியூரில் வண்டியை விட்டால் பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வோம். சுண்டு விரல் அளவு சாமான். அது இல்லாமல் பிரம்மாவே வந்தாலும் வண்டி கிளம்பாது. இப்போதைய வண்டிகளில் அந்த மாதிரி எதுவும் இல்லையா?

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

இருக்கிறது ஐயா. ஃப்யூல் பம்ப் ஃப்யூஸ். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ ஓனர்ஸ் மேனுவலிலோ எது எங்கே என்று படம் போட்டிருப்பார்கள். பிடுங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பைப்பில் மிச்சம் இருக்கிற பெட்ரோலில் வண்டி கொஞ்சம் உறுமலாம், தெரு முனை தாண்டாது. விவரம் தெரிந்த திருடன் கையோடு ஃப்யூஸ் கொண்டுவருவான் என்பது உண்மை. அதனால்தான் கியர் லாக்கும் கூடவே.

ஒன்றே ஒன்று, ரகசிய சுவிட்ச் வைக்கிறேன் என்று ஒயரை வெட்டவிடாதீர்கள். குமார் சார் வண்டி வாரண்டியில் இருக்கிறது, நாளைக்கு வேறு எந்த எலெக்ட்ரிக்கல் கோளாறு வந்தாலும் அந்த வெட்டைக் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள்.

கால் டாக்ஸி முருகேசன்

எல்லோரும் காரைத் தூக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் நாள் முழுக்கப் பார்க்கிங்கிலேயே கிடக்கிறவன். கார் போனதைப் பார்த்ததைவிட காருக்குள் இருந்தது போனதைப் பார்த்ததுதான் அதிகம்.

கண்ணாடி உடைக்கச் சுத்தியல் எல்லாம் வேண்டாம். பழைய ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றைச் சுண்டிவிட்டாலே பக்கக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உண்டிவில்லில் பால்ரஸ் வைத்து அடிக்கிற கூட்டமும் உண்டு. அலாரம் அடித்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? எல்லா வண்டியும் எதற்காவது கத்திக்கொண்டுதான் இருக்கிறது. சீட்டில் லேப்டாப் பை கண்ணில் பட்டால் போதும். பை இல்லாவிட்டாலும், முன் கண்ணாடியில் மொபைல் ஸ்டாண்டைக் கழற்றிய வட்டத் தடம் இருந்தால் டேஷ்போர்டுக்குள் ஏதோ இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். சார்ஜர் ஒயர் தொங்கினாலும் அதே கணக்கு.

டிக்கியில் வைப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். பார்க்கிங்குக்கு வந்து நிறுத்திய பிறகு பையை எடுத்து டிக்கியில் வைப்பார்கள். நாலு பேர் பார்க்க அங்கேயே வைத்துவிட்டுப் போனால் டிக்கியில் வைத்து என்ன புண்ணியம்? வீட்டிலிருந்து கிளம்பும்போதே வைத்துவிடுங்கள். நிறுத்தும்போது டிக்கியைச் சுவர் பக்கம் ஒட்டி, ரிவர்ஸில் விடுங்கள். ஓர் ஆள் நுழைய இடம் இல்லாவிட்டால் டிக்கியைத் திறக்க முடியாது.

அப்புறம் ஆயில் கதை. பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்ததும் பைக்கில் ஒருவன் வந்து, "சார், முன்னாடி ஆயில் ஒழுகுது" என்பான். இறங்கிப் பார்த்தால் உண்மையிலேயே கீழே ஆயில் இருக்கும். அவனேதான் ஊற்றியிருப்பான். நாம் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருக்கும்போது பின் சீட்டுப் பை போய்விடும். பத்து ரூபாய் நோட்டைத் தரையில் போட்டுவிட்டு "உங்க பணம் விழுந்துடுச்சு" என்பதும் இதே வகை. பேங்க் வாசலில் இது ரொம்ப நாளாக ஓடுகிறது. போலீஸ்காரர்கள் மைக் போட்டுச் சொல்லியும் மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். யார் எதைக் காட்டினாலும் முதலில் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நாலு கதவும் பூட்டிய பிறகு இறங்குங்கள்.

வேளச்சேரி வாசு

முருகேசன் அண்ணே, கோயில் பார்க்கிங்கை விட்டுவிட்டீர்களே. செல்போன், செருப்பு, பர்ஸ் எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு சாமி கும்பிடப் போகிற ஜனம் வேறு எங்கே கிடைக்கும்?

கால் டாக்ஸி முருகேசன்

ஆமாம் தம்பி. போனைக் கோயில் கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சர்வேயர் மூர்த்தி

இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். வண்டி போனவர்கள் எங்கே சிக்குகிறார்கள் என்று தினமும் பார்ப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டோக்கனில் ஆரம்பிக்கிறேன். ஸ்டேஷன் பார்க்கிங்கில் பலர் டோக்கனை முன் கண்ணாடிக்கு உள்ளே டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள், திரும்பி வரும்போது தேட வேண்டாமே என்று. வெளியே போகும் கேட்டில் நிற்கிற பையனுக்கு உங்கள் முகம் தெரியாது. ஷிஃப்ட் மாறி வேறு ஆள்தான் நிற்பார். வண்டியும் டோக்கனும் சேர்ந்து வந்தால் தடுப்பைத் தூக்கிவிடுவார். திருடனுக்குத் தேவையான ஒரே சீட்டை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். வண்டியை அங்கே விட்டதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரமும் அதுதான். டோக்கனைப் போட்டோ எடுங்கள், வண்டியை நம்பர் பிளேட் தெரிய, பக்கத்துத் தூண் தெரிய எடுங்கள், கிலோமீட்டர் காட்டுகிற மீட்டரையும் எடுங்கள்.

ஆர்.சி. ஒரிஜினலை டேஷ்போர்டில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் இருப்பதைப் போலீஸ் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2018லேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. ஆர்.சி.யில் வீட்டு முகவரி இருக்கிறது. நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை என்பது வண்டி நிற்பதிலிருந்தே தெரிகிறது. வீட்டுச் சாவிக்கொத்தும் உள்ளே கிடந்தால் அடுத்த வேலை எங்கே என்று சொல்லவே வேண்டாம்.

பாலிசி. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசியில் வருவது ஐ.டி.வி. தொகை, அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கிற மதிப்பு. முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20 என்று தேய்மானம் கழித்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள், அதுவும் ஷோரூம் விலையிலிருந்து. ரோடு டாக்ஸ் அதில் இல்லை. குமார் சார் மாதிரி லோனில் வாங்கிய புது வண்டிக்காரர்கள் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இருந்தால் பில் விலை கிடைக்கும். இல்லாவிட்டால், கிடைக்கிற தொகையிலிருந்து பேங்க் தன் பாக்கியை எடுத்துக்கொண்டது போக உங்கள் கைக்கு என்ன வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் இருந்த லேப்டாப், நகை எதுவும் சாதாரண மோட்டார் பாலிசியில் வராது.

பெரிய சிக்கல் சாவி. கம்பெனி வண்டியோடு கொடுத்த எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள். இரண்டில் ஒன்றைக் காட்ட முடியாவிட்டால், அது வண்டியிலேயே இருந்ததோ என்று விசாரணை தொடங்கிவிடும். சாவி தொலைந்தால் அன்றைக்கே போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு மெயில் போடுங்கள்.

இனி வண்டி நிஜமாகவே போய்விட்டால். முதலில் போலீஸ். தமிழ்நாட்டில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். திருட்டு கிளெய்முக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 303(2)ல் பதிவு செய்வார்கள், பழைய இந்திய தண்டனைச் சட்டம் 379க்குப் பதில். நகல் இலவசம். அதே நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனி, லோன் பேங்க், ஆர்.டி.ஓ. மூன்றுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் அறிக்கை வந்த பிறகுதான் பணம். அதற்குப் பெரும்பாலும் மாதக் கணக்கில் ஆகும்.

குரோம்பேட்டை குமார்

மூர்த்தி சார், டோக்கன் விஷயம் தலையில் தட்டியது போல இருக்கிறது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இருக்கிறது, இப்போதுதான் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். நன்றி. கியர் லாக், ஆர்டர் போட்டாயிற்று. போர்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வழக்கறிஞர் நிலா

நான் சொல்கிறேன். போர்டு மாட்டிவிட்டால் பொறுப்பு போய்விடும் என்பது எல்லா இடத்திலும் செல்லாது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு இரவு வந்த ஒருவர் வண்டியை ஊழியரே நிறுத்தித் தரும் வாலே பார்க்கிங்கில் தன் மாருதி ஜென் சாவியைக் கொடுத்தார். டோக்கனில் உரிமையாளர் பொறுப்பு என்றுதான் இருந்தது. வேறொரு காரில் வந்திருந்த மூன்று பையன்கள் தங்கள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒருவன் மேஜையில் கிடந்த ஜென் சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியை ஓட்டிவிட்டான், காவலாளி தடுத்தும் நிற்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி 2,80,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஹோட்டல் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வண்டி ஹோட்டலின் கைக்குப் போய்விட்ட பிறகு அது எப்படிப் போனது என்று விளக்க வேண்டியது ஹோட்டல்தான், தன் அலட்சியத்துக்கு டோக்கன் வாசகத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

இதை அப்படியே ஸ்டேஷன் பார்க்கிங்குக்குப் பொருத்திவிடாதீர்கள். அங்கே சாவி உங்கள் பையில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 148வது பிரிவு சொல்கிற மாதிரி பொருளை ஒப்படைத்தீர்களா, அல்லது இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தீர்களா என்றுதான் வாதம் ஓடும். டோக்கனை வாங்காமல் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை என்பது அந்த இடத்தின் நடைமுறையாக இருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். டோக்கன் இன்னும் உங்கள் கையில் இருக்க, வண்டி மட்டும் எப்படி வெளியே போனது என்று கேட்கலாம் அல்லவா? மாநகராட்சித் தெரு பார்க்கிங்கில் இந்த வாதத்துக்கு வழி குறைவு.

வாலேவில் கொடுக்கும்போது சீருடையையும் மேஜையையும் பார்த்துக் கொடுங்கள். ஹோட்டல் வாசலில் சும்மா நிற்கிற ஆள் கையை நீட்டினால் சாவியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

திருட்டு நடந்தால் அன்றைக்கே பார்க்கிங் ஒப்பந்ததாரருக்கும் ஸ்டேஷன் நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி. இடம் தீர்ந்தால் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். வழக்கு நம்பர் வந்து நீங்கள் கேட்பதற்குள் ஒன்றும் இருக்காது.

வேளச்சேரி வாசு

மேடம், இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 98ல் போன ஜென்னுக்கு 2019ல் தீர்ப்பு. அதற்குள் அந்த மாடலே கடைகளில் இல்லை.

வழக்கறிஞர் நிலா

நியாயமான குத்தல். ஆனால் வண்டிக்காரர் அத்தனை வருஷமும் கைப்பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, இன்ஷூரன்ஸ் பணம் முன்னாலேயே வந்துவிட்டது. பிறகு ஓடியது பெரும்பாலும் கம்பெனிக்கும் ஹோட்டலுக்கும் நடந்த சண்டை. அதனால் மூர்த்தி சார் சொன்ன வழிதான் முதல் வழி.

அந்த வழியிலும் இரண்டு தீர்ப்புகள் உதவும். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணம் காட்டித் திருட்டு கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. வண்டியில் சாவியை விட்டுவிட்டு இறங்கிய ஒரு லாரி வழக்கில் 2023ல் முழுசாக மறுக்காமல் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னார்கள். அந்த 25 சதவீதம் போனது சாவியை விட்டதற்காக.

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பார்க்கிங் கட்டணம் மாதிரி சின்னத் தொகை சேவைக்கு மனுக் கட்டணமே கிடையாது.

விழுப்புரம் வினோத்

எனக்குத் தெரிந்து வண்டியைக் கண்டுபிடிக்க மலிவான வழி ஃபாஸ்டேக். திருடன் பரனூர் டோலையோ ஸ்ரீபெரும்புதூர் டோலையோ தாண்டினால் உடனே உங்கள் போனுக்குப் பணம் பிடித்த எஸ்.எம்.எஸ். வந்துவிடும், எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். வண்டி போனதும் பதறிப்போய் பேங்குக்கு போன் போட்டு ஃபாஸ்டேகை பிளாக் செய்யாதீர்கள்.

ஜெயந்தி, அடையாறு

அதற்குள் பேலன்ஸ் முழுவதையும் தீர்த்துவிட்டால்?

விழுப்புரம் வினோத்

நாலு டோல் காசு போகட்டும் மேடம், வண்டி கிடைத்தால் போதாதா! ஆனால் அந்த போன் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி வாங்கும்போது ஷோரூம்காரர் தன் நம்பரைக் கொடுத்து டேக் எடுத்திருப்பார், எஸ்.எம்.எஸ். அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சர்வேயர் மூர்த்தி

வினோத் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும். பழகிய திருடன் முதல் வேலையாக டேகைக் கிழித்துவிடுவான், நம்பர் பிளேட்டையும் மாற்றுவான். போலீஸிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சரி என்ற பிறகு பிளாக் செய்யுங்கள்.

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

ஜி.பி.எஸ். பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓ.பி.டி.யில் செருகுகிற வகையை வாங்க வேண்டாம். திருடன் முதலில் தொடுகிற இடமே அதுதான், பிடுங்கி எறிந்துவிடுவான். ஒயரில் இணைத்து, உள்ளே தனி பேட்டரி உள்ளதை டேஷ்போர்டுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ மறைத்து வைக்கச் சொல்லுங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்ததா என்று ஊருக்குப் போகும் முன் பாருங்கள். பாதி வண்டிகளில் டிராக்கர் செத்துக் கிடப்பதற்கு இதுதான் காரணம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் மாதிரி தரைக்கு அடியில் நிறுத்துகிற இடத்தில் சிக்னல் இருக்காது, கடைசியாக வாசலில் இருந்ததைத்தான் காட்டும். ஆப்பிள் ஏர்டேக் போட்டுவைப்பவர்களுக்கு: முன்பின் தெரியாத டேக் கூடவே வருகிறது என்று அது திருடனின் போனுக்கே தகவல் சொல்லிவிடும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து தொடரக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

குமார் சார், ஒரு வாரம் நிற்கப் போகிற வண்டியில் டேஷ்கேமை பார்க்கிங் மோடில் விட்டுப் போகாதீர்கள். பேட்டரி இறங்கிவிடும், விடியற்காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

கேட்டரிங் அன்பு

என்னிடம் ஈகோ வண்டி. மண்டபத்துக்குப் பக்கத்துப் பார்க்கிங்கில் ராத்திரி விட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தால் டிராக்டர் மாதிரி சத்தம். கீழே பார்த்தால் சைலன்சர் பாதி இல்லை. கார் இருக்கிறது, கண்ணாடி உடையவில்லை, பாத்திரம்கூட அப்படியே இருக்கிறது. இது என்ன திருட்டு?

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விட்டது அன்பு. அதற்குள் தேன்கூடு மாதிரி பீங்கான் இருக்கும், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். உள்ளே இருக்கிற தூளுக்குத்தான் விலை. ஈகோவில் அது தரைக்குப் பக்கத்தில் கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஜாக்கி வைக்காமல் படுத்தபடியே நாலு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாடு முழுக்க ஈகோவைத்தான் குறிவைக்கிறார்கள். புதுசு போட்ட பிறகு சுற்றி இரும்புக் கூண்டு அடித்து, போல்ட் தலைகளில் பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டரான ஈ.சி.எம். போய்விடும். இன்னோவாக்காரர்களும் அடியில் தொங்குகிற ஸ்டெப்னிக்குப் பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சர்வேயர் மூர்த்தி

அன்பு, கார் பாலிசியில் பாகங்கள் திருட்டும் சேரும். எஃப்.ஐ.ஆர். போட்டுக் கேட்கலாம். நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரியா, மதுரை

தாமதமாக வந்து கேட்கிறேன். ஆன்லைனில் பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறோம். ஓனர் ஒரே ஒரு சாவிதான் தருகிறார், இன்னொன்று தொலைந்துவிட்டதாம். வாங்கலாமா?

வேளச்சேரி வாசு

வண்டியை விற்று, உள்ளே ஜி.பி.எஸ். ஒளித்து வைத்து, அடுத்த வாரமே மிச்சச் சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு போன கதைகள் பேப்பரில் வந்திருக்கின்றனவே, படித்ததில்லையா?

எலெக்ட்ரீஷியன் செல்வம், கோவை

வாசு பயமுறுத்துகிறார், ஆனால் இல்லாததைச் சொல்லவில்லை. வண்டி பிடித்திருந்தால் வாங்குங்கள் பிரியா. பெயர் மாற்றம் முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சாவி எல்லாவற்றையும் மெமரியிலிருந்து அழித்துவிட்டு, கையில் இருக்கிற சாவியையும் புதுசு ஒன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று அவர்கள் திரையிலேயே காட்டும், இரண்டு என்று வருகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அழித்த சாவியின் இரும்பு கதவைத் திறக்கலாம், என்ஜின் ஓடாது. கதவுப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்றால் செலவு அதிகம், ஒரு கியர் லாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தச் செலவை வண்டி விலையில் குறைத்துக் கேளுங்கள், சாவி தொலைத்தது அவர்தானே. லிஃப்டில் ஏற்றும்போது டேஷ்போர்டுக்குக் கீழே ஒட்டுப்போட்ட ஒயர் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அவர் வைத்த டிராக்கர் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

பிரியா, மதுரை

நாளைக்கே அவரிடம் கேட்கிறேன். சாவி தொலைந்ததற்கு போலீஸ் ரசீது இருக்கிறதா என்பதையும் சேர்த்து.